ஸ்லாபுக்குள் இருப்பதும் காகிதம்தான்!

கார்டு சேகரிப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கார்டை கிரேடிங்குக்கு அனுப்பி, அது கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மதிப்பெண்ணோடு திரும்பி வந்துவிட்டால், இனி அதற்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அது. அப்புறம் அந்தப் பெட்டி எங்கே போகிறது? கட்டிலுக்கு அடியில், பரண்மேல், கார் டிக்கியில், ஜன்னலோர அலமாரியில். "அதான் சீல் பண்ணியாச்சே!" என்பதே பதில்.

அந்தப் பெட்டி கார்டைக் கையிலிருந்து காப்பாற்றும், வானிலையிலிருந்து காப்பாற்றாது. மேலே ஒட்டியிருக்கும் எண் அப்படியே நிற்கும், உள்ளே இருக்கும் கார்டு அப்படியே நிற்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் பல ஆயிரம் டாலர்கள் கைமாறிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வேடிக்கை. கொஞ்சம் சோகமும்கூட.

முதலில், அதென்ன கிரேடிங்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் பேஸ்பால் கார்டுகள், ஜப்பானில் 1996-ல் தொடங்கிய போக்கிமான் கார்டுகள், இன்னும் பல வகைக் கார்டுகள் எல்லாமே அச்சடித்த அட்டைத்துண்டுகள்தான். ஆனால் பழையது, அரியது, புதிதுபோல் இருப்பது என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் விலை எகிறும். "புதிதுபோல்" என்றால் எவ்வளவு புதிது? விற்பவர் ஒன்று சொல்வார், வாங்குபவர் வேறொன்று சொல்வார். இந்தச் சண்டையைத் தீர்க்க வந்த மூன்றாவது ஆள்தான் கிரேடிங் நிறுவனம். பி.எஸ்.ஏ. 1991-ல் தொடங்கியது. பெக்கெட், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. என்று மற்றவர்களும் உண்டு. படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, ஓரங்கள் சிதைந்திருக்கின்றனவா, மேற்பரப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். பிறகு இரண்டு பாதி பிளாஸ்டிக்குக்கு நடுவே கார்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஸ்லாப்'.

இந்த எண்ணுக்கு எவ்வளவு மரியாதை என்றால், 1999-ல் வந்த முதல் பதிப்பு சாரிசார்ட் கார்டு ஒன்று, பி.எஸ்.ஏ. 10 மதிப்பெண்ணுடன் 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. அதே கார்டு 9 வாங்கியிருந்தால் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருப்பது பல சமயம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய ஒரு வெள்ளைப் புள்ளி! அவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவ்வளவு பெரிய விலை என்றால், அந்தச் சின்ன விஷயத்தைக் கெடுக்கக்கூடிய சூட்டையும் ஈரத்தையும் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்? பெரும்பாலானோர் கவலைப்படுவதில்லை.

பெட்டி உண்மையில் காற்றுப் புகாததா?

இல்லை. ஸ்லாபின் இரண்டு பாதிகளையும் மீயொலி அதிர்வால் ஓரத்தில் உருக்கி இணைக்கிறார்கள். இந்த இணைப்பின் வேலை, யாரும் பெட்டியைத் திறந்து கார்டை மாற்றிவைத்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதுதான். காற்றை வெளியே நிறுத்துவது அதன் வேலை அல்ல. ஓரங்களில் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய ஸ்லாபுகளுக்குள் தண்ணீர் போயிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் போகிற இடத்தில் நீராவி போகாதா என்ன? வெளியே ஈரப்பதம் ஏறினால் உள்ளேயும் மெதுவாக ஏறும், வெளியே இறங்கினால் உள்ளேயும் இறங்கும். ஸ்லாப் செய்வதெல்லாம் அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துவது மட்டுமே.

தாமதம் நல்லதுதான். ஒருநாள் மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் உள்ளே இருக்கும் கார்டுக்கு அது தெரியாமலே போய்விடும். ஆனால் ஃபுளோரிடாவிலோ ஹூஸ்டனிலோ மாதக்கணக்கில் புழுங்கும்போது, அல்லது ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலம் வாரக்கணக்கில் நீளும்போது, தாமதம் எத்தனை நாள் தாங்கும்?

ஈரம் செய்யும் வேலை

காகிதம் ஈரத்தைக் குடிக்கும். சுட்டுவைத்த அப்பளம் நமுத்துப்போவதற்கு என்ன காரணமோ, ஏறக்குறைய அதேதான் இங்கேயும். காகித நார் ஈரத்தை வாங்கினால் உப்பும், விட்டால் சுருங்கும். சாதாரணக் கார்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்புவதால் பெரிதாகத் தெரியாது. சிக்கல் பளபளக்கும் ஃபாயில் கார்டுகளில்தான். அவற்றின் முன்பக்கத்தில் ஒரு மெல்லிய உலோகப் பூச்சுப் படலம் இருக்கும். அது ஈரத்துக்கு அசையாது. பின்பக்கக் காகிதம் மட்டும் உப்பும், சுருங்கும். ஒரு பக்கம் நீள, மறுபக்கம் நீளாமல் நின்றால் என்ன ஆகும்? வளையும். ஈரத்தில் ஒரு பக்கமாக, வறட்சியில் மறுபக்கமாக. இப்படி வளைந்த கார்டுகளை 'பிரிங்கிள்ஸ்' என்று சிப்ஸ் பெயர் சொல்லிக் கிண்டலடிப்பது உண்டு.

ஸ்லாபுக்குள் இருந்தால் பிளாஸ்டிக் அழுத்திப் பிடித்திருப்பதால் வளைவு வெளியே அதிகம் தெரியாது. ஆனால் உள்ளே இழுவிசை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவை இழுத்து, ஒரு தடவை விட்டு, பத்து வருடம் இது நடந்தால் அடுக்குகள் பிரிவதற்கும், ஓரத்தில் வெடிப்பு விழுவதற்கும் வழி பிறக்கிறது.

அடுத்தது பூஞ்சை. ஒப்பு ஈரப்பதம் 65-70 சதவிகிதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை முளைக்கத் தயாராகிவிடும். அதன் வித்துகள் எல்லா இடத்துக் காற்றிலும் உண்டு. கார்டு ஸ்லாபுக்குள் போவதற்கு முன்பே மேலே உட்கார்ந்திருக்கலாம். ஈரம் கிடைத்தால் எழுந்து வேலையைத் தொடங்கும். பழைய புத்தகங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே புள்ளிகள் கார்டிலும் வரும்.

மூன்றாவது, ஒட்டிக்கொள்ளுதல். 1990-களின் தொடக்கத்தில் வந்த பல பளபளப்புக் கார்டுகள், டாப்ஸ் நிறுவனத்தின் ஸ்டேடியம் கிளப் 1991 தொகுப்பு உட்பட, ஈரமான இடத்தில் கட்டாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிடும். பிரித்தால் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகில்! ஸ்லாபில் இருக்கும் ஒற்றைக் கார்டுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் கிரேடிங்குக்குக் காத்திருக்கும் கட்டுகளுக்கு முழுதாக உண்டு.

சூடு செய்யும் வேலை

ஈரத்தின் சேதம் கண்ணுக்குத் தெரியும். சூட்டின் சேதம் சத்தமில்லாமல் நடக்கும். காகிதம் மஞ்சளாவதும் மொறுமொறுவென்று உடையத் தொடங்குவதும் வேதிவினைகள். வெப்பம் கூடினால் எல்லா வேதிவினைகளும் வேகம் பிடிக்கும். காகிதப் பாதுகாப்புத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு, ஒவ்வொரு 5 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது. 20 டிகிரியில் இருக்கும் கார்டைவிட 30 டிகிரியில் இருக்கும் கார்டு நாலு மடங்கு வேகமாக முதுமை அடைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வீடுகளில் கூரைக்குக் கீழே இருக்கும் பரண் அறை கோடையில் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

இதில் சூடும் ஈரமும் கூட்டாளிகள் என்பதையும் கவனிக்க வேண்டும். டொனால்ட் செபெரா என்ற காகிதப் பாதுகாப்பு வல்லுநர் 1994-ல் 'ஐசோபெர்ம்' என்ற வரைபட முறையை வெளியிட்டார். வெப்பம், ஈரப்பதம் இரண்டும் சேர்ந்து காகிதத்தின் ஆயுளை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை ஒரே படத்தில் காட்டுவது அது. அதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. சூட்டைக் குறைக்க முடியாத ஊரில் இருப்பவர் ஈரத்தைக் குறைத்து ஓரளவு ஈடுகட்டலாம். ஏசி இல்லாத வீட்டில் இருப்பவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை.

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் வெயிலில் நிறுத்திய கார்களை வைத்து ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாகச் சுமார் 69 டிகிரி, இருக்கை சுமார் 51 டிகிரி! கார்டு கண்காட்சிக்குப் போய்விட்டு, வாங்கிய ஸ்லாபைக் காரில் வைத்துவிட்டு சாப்பிடப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகாதுதான். ஆனால் பிளாஸ்டிக், காகிதம், பூச்சு, பசை எல்லாம் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்.

"நூறு வருடம் பரணில் கிடந்தும் ஒன்றும் ஆகலையே?"

இந்தக் கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். 2012-ல் ஒஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு வீட்டுப் பரணில் சுமார் 700 பேஸ்பால் கார்டுகள் கிடைத்தன. 1910 வாக்கில் அச்சானவை, இ98 என்ற தொகுப்பு. நூறு வருடமாக ஒரு அட்டைப்பெட்டியில் கயிறு கட்டிக் கிடந்தவை. திறந்து பார்த்தால் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தன! 'பிளாக் ஸ்வாம்ப் கண்டுபிடிப்பு' என்று அது புகழ்பெற்றது. ஏசியும் இல்லை, ஸ்லாபும் இல்லை, ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம்.

முதலாவது, பிழைத்த பெட்டிதான் செய்தியாகிறது. அதே நூறு வருடத்தில் எத்தனை பரண்களில் எத்தனை பெட்டிகள் பூஞ்சை பிடித்து, எலி கடித்துக் குப்பைக்குப் போயின என்று யாரும் செய்தி போடுவதில்லை. அந்த இ98 கார்டுகளுக்கு அவ்வளவு மவுசு வந்ததே, மற்றவை எல்லாம் கெட்டுப்போனதால்தான்.

இரண்டாவது, அந்தப் பெட்டியில் நடந்தது மாயம் இல்லை. நூற்றுக்கணக்கான கார்டுகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. இருட்டு. யாரும் தொடவில்லை. நெருக்கமான காகிதக் கட்டு தன் ஈரத்தைத் தானே சமப்படுத்திக்கொள்ளும். வெளிக்காற்று நடுவில் இருக்கும் கார்டை எட்ட நாளாகும். தனி ஸ்லாபில் இருக்கும் ஒற்றைக் கார்டுக்கு அப்படித் துணைக்கு 699 பேர் இல்லை.

இன்னொரு உதாரணமும் இதையே சொல்கிறது. 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. எஸ்.ஜி.சி. கொடுத்த மதிப்பெண் 9.5. 1991-ல் அதே கார்டின் விலை 50,000 டாலர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கார்டு கிரேடிங்குக்குப் போனது விற்பனைக்குச் சற்று முன்புதான். அதுவரை சுமார் எழுபது வருடம் அதைக் காப்பாற்றியது எந்த ஸ்லாபும் அல்ல. அது இருந்த இடமும், வைத்திருந்தவர்களின் கவனமும்தான். ஸ்லாப் கடைசியில் வந்து மாலை போட்டுக்கொண்டது!

தப்பான வைத்தியங்கள்

கவலையே படாதவர்கள் ஒரு ரகம். தப்பாகக் கவலைப்படுபவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் செய்யும் சேதம் சில சமயம் அதிகம்.

*தீ தாங்கும் இரும்புப் பெட்டி.* கேட்கப் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டிகளின் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைக் காரை. தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தரும், அதுதான் உத்தி. தீப்பிடிக்காத சாதாரண நாட்களில் அதிலிருந்து கசியும் ஈரம், மூடிய பெட்டிக்குள் தேங்கும். நாணயம் சேர்ப்பவர்களும் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இந்தத் தொல்லையை நன்றாக அறிவார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. காகித ஆவணங்களுக்கான யூ.எல். தரம் '350' என்பது, உள்வெப்பம் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது என்ற உறுதி. அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸ். காகிதம் அதில் எரியாது, சரி. ஆனால் ஸ்லாப் செய்யப் பயன்படும் வகைத் தெளிவான பிளாஸ்டிக்குகள் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும்! வீட்டுப் பத்திரம் பிழைக்கும், சாரிசார்ட் பிளாஸ்டிக் குழம்பில் கிடக்கும்.

*இறுக்கமாக மூடிய டப்பா.* "காற்றே புகாத டப்பாவில் போட்டுவிட்டால் ஈரம் எப்படி வரும்?" என்று கேட்பவர்கள், ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 20 லிட்டர் டப்பாவில் இருக்கும் காற்றில், 25 டிகிரியில், நீராவி அரை கிராம்கூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு கார்டின் காகிதமும் தன் எடையில் ஒரு பங்கை நீராகவே வைத்திருக்கிறது. இரண்டு கிராமுக்குக் குறைவான கார்டில் பத்தில் ஒரு கிராம் அளவு. நூறு கார்டு என்றால் 10 கிராம். டப்பாவுக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது காற்று அல்ல, கார்டுகள்தான். மழைக்காலத்தில் ஈரம் குடித்த கார்டுகளை அப்படியே பூட்டி வைப்பது, மழைக்காலத்தையே டப்பாவுக்குள் பூட்டி வைப்பது மாதிரி.

இதே காரணத்தால்தான் ஷூ பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிராம் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் வீண். உறிஞ்ச வேண்டியது கிராம் கணக்கில் இருக்கும்போது 50 முதல் 100 கிராம் வரையாவது தேவை. அதுவும் நிரம்பியபின் சூடாக்கி உலர்த்திப் போட வேண்டும். 'போட்டாச்சு, மறந்தாச்சு' என்றால் அது வெறும் கூழாங்கல்.

*குளிர்ப்பெட்டி.* சூடுதானே எதிரி, ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. 25 டிகிரியும் 50 சதவிகித ஈரப்பதமும் உள்ள சாதாரண அறையில் பனி படியும் வெப்பநிலை சுமார் 14 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே எடுத்தாலும் அதன்மேல் வியர்க்கும். குளிர்காலத்தில் தபாலில் வரும் பார்சலுக்கும் இதே விதி. ஜில்லென்று வந்த பார்சலை உடனே கிழிக்காமல் சில மணி நேரம் அறையிலேயே மூடி வைத்துவிட்டுப் பிறகு பிரிப்பது நல்லது. ஆவலை அடக்குவது கஷ்டம்தான், என்ன செய்ய :-)

*அளவுக்கு மீறிய உலர்த்தல்.* ஈரம் கெட்டது என்றால் பூஜ்யம்தான் நல்லது என்று அர்த்தமில்லை. 30 சதவிகிதத்துக்குக் கீழே போனால் காகிதம் சுருங்கும், விறைக்கும், ஃபாயில் கார்டு எதிர்ப்பக்கம் வளையும். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடுகளில் இது தானாகவே நடக்கிறது.

அப்படியானால் எது சரி?

சொல்லப்போனால் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது. மனிதர்கள் வசதியாக இருக்கும் அறைதான் கார்டுக்கும் வசதியான அறை. பரண் வேண்டாம், பேஸ்மென்ட் வேண்டாம், கராஜ் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், குளியலறைக்குப் பக்கத்துச் சுவரும் வேண்டாம். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், நேரடி வெளிச்சம் படாத உள் அறை அலமாரி போதும். ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 50 சதவிகிதம், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி. முடியாத ஊரில் 25-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. எண்ணைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. தினமும் ஏசியைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி வைப்பதைவிட, சற்றுக் கூடுதலான வெப்பத்தில் நிலையாக இருப்பது மேல்.

கையில் முதலில் இருக்க வேண்டியது விலை உயர்ந்த பெட்டி அல்ல, ஈரப்பதமானி. சின்ன டிஜிட்டல் கருவி, விலை மிகக் குறைவு. ஆயிரம் டாலர் கார்டு வைத்திருப்பவர் அந்தக் கருவியை வாங்காமல் இருப்பது, கார் வாங்கிவிட்டுப் பெட்ரோல் முள்ளைப் பிடுங்கிப் போட்டதுபோல. அளந்து பார்த்தபின் அறையே சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் வேறு எதுவும் வேண்டாம். ஈரம் அதிகம் என்றால், உலர்ந்த நாளில் அல்லது ஏசி அறையில் சில நாள் வைத்து, பிறகு ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் போதுமான சிலிக்கா ஜெல்லோடு மூடலாம். சிகாருக்கும் கிடாருக்கும் பயன்படுத்தும், ஈரத்தை வாங்கவும் விடவும் தெரிந்த இருவழிப் பொட்டலங்களும் உண்டு. சிங்கப்பூர், மலேசியா போன்ற ஊர்களில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைக்கும் டிரை கேபினெட், எண்ணிக்கை அதிகமானால் நல்ல முதலீடு. ஸ்லாபுகளைப் படுக்கவைத்துக் கோபுரம் கட்டாமல் நிமிர்த்தி வைப்பதும், மேலே கீறல் விழாத உறை போடுவதும் மிச்சம்.

இவ்வளவுதான். மொத்தச் செலவு ஒரு கார்டை கிரேடிங் செய்யும் செலவுக்கு அக்கம்பக்கம்.

உண்மையான பிரச்னை வேறு

இத்தனை எளிது என்றால் ஏன் பலர் செய்வதில்லை? சோம்பேறித்தனம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் சந்தையின் அமைப்பிலேயே இருக்கிறது. சந்தையில் விலை போவது கார்டு அல்ல, எண். லேபிளில் 10 என்று இருந்தால் 10-க்கான விலை. அந்த 10 கொடுக்கப்பட்ட நாளுக்குப் பிறகு அந்தக் கார்டு எந்தப் பரணில் வெந்தது, எந்த பேஸ்மென்ட்டில் ஊறியது என்று லேபிளில் எழுதியிருக்காது. கெடுத்தவருக்குத் தண்டனை இல்லை, காப்பாற்றியவருக்குப் பரிசும் இல்லை. பரிசு இல்லாத வேலையை எத்தனை பேர் செய்வார்கள்?

கார்டு ஸ்லாபுக்குள் மாறும் என்பது கற்பனை அல்ல. 1990-களின் டாப்ஸ் குரோம் வகைக் கார்டுகள், முக்கியமாக கோபி பிரயன்ட்டின் முதல் வருடக் கார்டு உள்ள 1996-97 கூடைப்பந்துத் தொகுப்பு, காலப்போக்கில் பச்சை பூப்பதைச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு கார்டுகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று வெள்ளிபோல் மின்னும், இன்னொன்று பாசி பிடித்த குளம்போல் இருக்கும். லேபிள் இரண்டுக்கும் ஒன்றே!

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழிலின் பிறப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டு, புகழ்பெற்ற டி206 ஹோனஸ் வாக்னர். மதிப்பெண் 8. அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, முன்பு அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு அந்த மதிப்பெண் தரக்கூடாது என்பதுதான் விதி. ஆனாலும் லேபிள் இருந்தது, அதை நம்பி விலையும் ஏறிக்கொண்டே போனது. அது மோசடி, ஈரத்தில் கார்டு கெடுவது அலட்சியம், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஏமாறுபவர் ஒருவரே. லேபிளைப் பார்த்துவிட்டுக் கார்டைப் பார்க்காதவர்.

கிரேடிங் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களின் உத்தரவாதம், மதிப்பீடு தவறாகிப் போனதற்கானது. பிறகு வீட்டில் நனைந்ததற்கானது அல்ல. அது நியாயம்தான். ஆனால் இந்த வரம்பு நுண்ணெழுத்தில் இருக்கிறது, 'பாதுகாப்பு' என்ற சொல் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம் பாருங்கள். 2022-ல் ஈபே நிறுவனம் டெலாவேரில் கார்டுகளைப் பத்திரமாக வைக்க வெப்பக் கட்டுப்பாட்டுடன் ஒரு பெட்டகக் கிடங்கைத் திறந்தது. 2024-ல் அந்தத் தொழில், பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸிடம் கைமாறியது. ஸ்லாப் மட்டுமே போதும் என்றால் ஸ்லாப் செய்பவர்களுக்கே எதற்குக் கிடங்கு? போதாது என்று அவர்களுக்குத் தெரியும். அதை வாங்குபவர்களுக்கும் தெளிவாகச் சொல்லலாமே. ஸ்லாபோடு ஒரு சின்னத் துண்டுச்சீட்டு: "இது காற்றுப் புகாத பெட்டி அல்ல. ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வைக்கவும்." மாத்திரை அட்டையில்கூட அது இருக்கிறது. சில ரூபாய் மாத்திரைக்கு உள்ள மரியாதை சில ஆயிரம் டாலர் கார்டுக்கு இல்லையா?

விற்பவர்களும் பழைய படத்தை வைத்தே விற்காமல், இன்றைய வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்ற இரண்டு வரியையும் சேர்க்கலாம். ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அப்படிப்பட்ட கார்டுக்கு வாங்குபவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கிய நாளில், எல்லோர் வீட்டிலும் ஈரப்பதமானி முளைத்துவிடும். சந்தை அப்படித்தான் பாடம் கற்றுக்கொள்ளும். 'பெட்டியை வாங்காதே, கார்டை வாங்கு' என்று பழைய சேகரிப்பாளர்கள் ஓயாமல் சொல்வார்கள். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பெட்டியைக் காப்பாற்றாதே, கார்டைக் காப்பாற்று.

"எல்லாம் சரி, கடைசியில் இது வெறும் அட்டைதானே?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அட்டைதான். 2020, 21-ல் ஊரடங்கில் முடங்கிய நாட்களில் விலை ஏறியபோது சேமிப்பை இதில் போட்டவர்கள் இருக்கிறார்கள். அப்பா சின்ன வயதில் சேர்த்ததைப் பிள்ளைக்காக எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். அச்சடித்தபோது எல்லாக் கார்டும் நன்றாகத்தான் இருந்தது. இன்று விலை பெறுவது, இடையில் யாரோ கவனமாக வைத்திருந்த கார்டு மட்டும்தான். அந்த 'யாரோ'வின் வேலை, கார்டு ஸ்லாபுக்குள் போன நாளில் முடிந்துவிடுவதில்லை. இப்போது யார் கையில் இருக்கிறதோ, அந்த வேலை அவருடையது.